எல்லை தாண்டும் டி-ஷர்ட்: சர்வதேச வணிகத்தை ஏன் படிக்க வேண்டும்?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, "இனி இந்தியா அமெரிக்காவுக்கு இவ்வளவு பணம் கட்ட வேண்டும்" என்று டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை பேசிக்கொண்டார்கள். "டாலர் ஏறினால் ஏற்றுமதிக்காரருக்குக் கொண்டாட்டம்தான்" என்பது அதற்கும் வெகு முன்பிருந்தே புழங்கும் பேச்சு. "நாம் வெளிநாட்டுக்கு எதுவும் விற்பதில்லை, நமக்கென்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. முதலாவது தவறு. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது.

சர்வதேச வணிகம் என்ற பாடத்தைப் பற்றியும் இப்படித்தான் தெளிவில்லாமல் பேசுகிறார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் படிப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். ஏற்றுமதி லைசென்ஸ் எடுக்கச் சொல்லித்தரும் பயிற்சி என்று சிலர் நினைக்கிறார்கள். பி.காம். மாணவர்கள் பலருக்கு அது உலக வர்த்தக அமைப்பு, பன்னாட்டு நிதியம் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பெயர்ப் பட்டியல்.

எல்லை தாண்டும் வியாபாரத்தில் சரக்கோடு சேர்ந்து இடரும் பயணம் செய்கிறது. இடர் என்றால், நினைத்தபடி நடக்காமல் போனால் வரக்கூடிய நஷ்டம். அந்த நஷ்டம் எந்த இடத்தில், எந்த நாளில், யார் தலையில் விழும் என்பதைக் கணிப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அதைப் புரியாமல் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் அது பெரும்பாலும் விழுகிறது. இதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஊரே போதுமான உதாரணம்: திருப்பூர்.

அடுத்த தெருக் கடையும் ஹாம்பர்க் கடையும்

திருப்பூரில் ஒருவர் நூறு பனியன்களை அடுத்த தெருக் கடைக்குக் கடனுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை ரூபாயில். கடைக்காரரின் முகம் தெரியும், அவர் அப்பாவையும் தெரியும். சரக்கு பத்து நிமிடத்தில் போய்ச் சேரும். பணம் வரவில்லையென்றால் நேரில் போய் நிற்கலாம், சங்கத்தில் சொல்லலாம், கடைசியாக உள்ளூர் நீதிமன்றம் இருக்கிறது.

இதே சரக்கை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து இறக்குமதியாளருக்கு விற்கும்போது என்னவெல்லாம் மாறுகிறது? விலை யூரோவிலோ டாலரிலோ பேசப்படுகிறது. சரக்கு வாரக்கணக்கில் கடலில் இருக்கிறது. வாங்குபவரை ஒரு கண்காட்சியில் ஒருமுறை பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். வழக்கு என்று வந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்ற கேள்வியே முதல் வழக்காகிவிடும். நடுவில் இரண்டு சுங்கத்துறைகள், இரண்டு அரசுகள், அந்த அரசுகளின் அன்றைய அரசியல்.

பொருள் மாறவில்லை. தைத்த கை மாறவில்லை. ஆனால் பணம், தூரம், நம்பிக்கை, சட்டம், வரி என்று ஐந்து இடங்களில் புதிதாக இடர் நுழைந்துவிட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தடுமாறி ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடுகளைத்தான் படிக்கிறோம்.

டாலர் ஏறினால் கொண்டாட்டமா?

நாணய மாற்று விகிதம் என்பது ஒரு நாட்டுப் பணத்தின் விலையை இன்னொரு நாட்டுப் பணத்தில் சொல்வது. ஒரு டாலர் இத்தனை ரூபாய் என்கிறோமே, அதுதான். மற்ற விலைகளைப் போலவே இதுவும் தினமும் மாறும்.

2007இன் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 44 ரூபாய். அந்த ஆண்டின் பிற்பகுதியில் அது 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஒரு டி-ஷர்ட் 4 டாலர் வீதம் 10,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் எடுத்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மொத்தம் 40,000 டாலர். 44 ரூபாய்க் கணக்கில் அது 17,60,000 ரூபாய். பணம் வரும் நாளில் டாலர் 39 ரூபாய் 50 காசு என்றால், கையில் கிடைப்பது 15,80,000 ரூபாய். 1,80,000 ரூபாய் காணாமல் போய்விட்டது. நூல் விலை ஏறவில்லை, தையலில் குறையில்லை, வாங்கியவர் ஏமாற்றவும் இல்லை. ஆனால் லாபம் பத்து சதவீதத்துக்குள் இருக்கும் தொழிலில் இந்த ஆர்டர் முழுவதும் நஷ்டம்.

சரி, இதையே திருப்பிப் போட்டால் டாலர் ஏறும்போது லாபம்தானே? ஓரளவுக்குத்தான். பின்னல் இயந்திரம் ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்திருக்கும். அதற்கு டாலரில் கடன் இருந்தால் தவணை ஏறும். சாய ரசாயனங்களின் விலை ஏறும். பருத்தி உள்நாட்டில் விளைந்தாலும் அதன் விலை உலகச் சந்தையைப் பார்த்தே நகரும். இதையெல்லாம் தாண்டி, வாங்குபவருக்கும் செய்தித்தாள் படிக்கத் தெரியும். "ரூபாய் இறங்கிவிட்டதே, விலையைக் குறையுங்கள்" என்று அடுத்த ஆர்டரிலேயே கேட்பார். போட்டி நாட்டின் நாணயமும் இறங்கியிருந்தால் குறைக்காமல் இருக்கவும் முடியாது.

இந்த இடருக்கு ஓர் எளிய மருந்து உண்டு: முன்பேர ஒப்பந்தம். மூன்று மாதம் கழித்து வரப்போகும் டாலரை என்ன விலைக்கு மாற்றுவது என்று வங்கியோடு இன்றே பேசி முடித்துவிடுவது. பிறகு டாலர் ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் விலை அதேதான். ஏறினால் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் பணத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். பதிலுக்கு நிம்மதி கிடைக்கிறது. தொழில் துணி தைப்பதென்றால் இது நல்ல பேரம்.

இங்கேதான் திருப்பூரின் மிக வேதனையான பாடம் ஒன்று வருகிறது. 2007இல் ரூபாய் வலுத்துக்கொண்டே போனபோது பயந்துபோன ஏற்றுமதியாளர்கள், திருப்பூர் உட்படப் பல ஊர்களில், முன்பேர ஒப்பந்தத்தைவிடச் சிக்கலான ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள். செலவே இல்லை என்று சொல்லி விற்கப்பட்டவை அவற்றில் பல. சில, சுவிஸ் ஃபிராங்கும் ஜப்பானிய யென்னும் டாலருக்கு எதிராக எப்படிப் போகும் என்பதைப் பொறுத்தவை. இவர்களில் பலருக்கு சுவிட்சர்லாந்திலும் வியாபாரம் இல்லை, ஜப்பானிலும் இல்லை. ஒரு எல்லைக்குள் நாணயம் இருந்தால் சிறிய லாபம். எல்லை தாண்டினால் நஷ்டத்துக்கு வரம்பே இல்லை என்ற மாதிரியான அமைப்பு. 2008 மார்ச்சில் ஃபிராங்கும் யென்னும் டாலருக்கு எதிராக வேகமாக ஏறின. நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிற்சாலைகளுக்கு, துணியோடு சம்பந்தமே இல்லாத நஷ்டம் வந்து சேர்ந்தது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. இவ்வகை ஒப்பந்தங்களுக்கான விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று 2011இல் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது.

தைப்பதில் அவர்களைவிடத் தேர்ந்தவர்கள் உலகில் குறைவு. கையெழுத்திட்ட காகிதம் இடரைக் குறைக்கிறதா, புதிய இடரைச் சேர்க்கிறதா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருந்திருந்தால் பலர் தப்பியிருப்பார்கள். இந்தப் பாடம் ஏன் தேவை என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முகம் தெரியாதவரிடம் எப்படி விற்பது?

விற்பவர் "பணம் வந்தால்தான் சரக்கை அனுப்புவேன்" என்பார். வாங்குபவர் "சரக்கு வந்தால்தான் பணம் கொடுப்பேன்" என்பார். இருவர் பயமும் நியாயமானது. இந்த முடிச்சை அவிழ்க்க நடுவில் வங்கியைக் கொண்டுவருகிறார்கள். கடன் உறுதிக் கடிதம், தொழிலில் எல்லோரும் சொல்வதுபோல எல்.சி., என்பது வாங்குபவரின் வங்கி தரும் வாக்கு: "இன்னின்ன ஆவணங்களை இன்ன தேதிக்குள் கொடுத்தால் நானே பணம் தருகிறேன்."

இதில் புதிதாக வருபவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. வங்கி பார்ப்பது ஆவணத்தை, சரக்கை இல்லை. துணி அருமையாக இருந்தாலும், கப்பலில் ஏற்றிய தேதி எல்.சி.யில் சொன்ன தேதியைத் தாண்டியிருந்தால் வங்கி பணத்தை நிறுத்தலாம். இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் அப்படித்தான். அப்போது முடிவு வாங்குபவர் கைக்குப் போகிறது. அவர் அங்கிருந்து தள்ளுபடி பேரம் பேச ஆரம்பிப்பார். பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை இதற்கான விதிகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. உலகெங்கும் வங்கிகள் அவற்றின்படியே நடக்கின்றன. திருப்பூர் அலுவலகங்களில் ஆவணங்களைக் கவனிக்கும் டாக்குமென்டேஷன் ஊழியர் ஒரு எழுத்துக்காக அரை நாள் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

அடுத்த கேள்வி, சரக்கு வழியில் கெட்டுப்போனால் யார் நஷ்டம்? இதற்கும் அதே சபை 1936 முதல் பொதுவான விதிமுறைச் சொற்களை வெளியிட்டுவருகிறது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் மொத்தம் 11. எல்லாவற்றையும் இப்போதே படிக்க வேண்டாம், இரண்டு போதும்.

எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்றால், தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றும்வரை செலவும் இடரும் விற்பவருடையவை. ஏற்றியபின் இரண்டும் வாங்குபவருடையவை. சி.ஐ.எஃப். ஹாம்பர்க் என்றால், ஹாம்பர்க் வரைக்குமான கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவர் செலவு. அப்படியானால் நடுக்கடலில் சரக்கு மூழ்கினால்? பெரும்பாலானோர் "விற்பவர் நஷ்டம்" என்பார்கள். இல்லை. சி.ஐ.எஃப்.பிலும் கப்பலில் ஏற்றியவுடன் இடர் வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. விற்பவர் எடுத்துக்கொடுத்த காப்பீட்டை வைத்து வாங்குபவர்தான் இழப்பீடு கேட்க வேண்டும். செலவு மாறும் இடமும் இடர் மாறும் இடமும் வேறு வேறாக இருக்கலாம் என்பது பாதிப் பேருக்குப் பிடிபடாத நுணுக்கம். இது பிடிபட்டுவிட்டால் மற்ற ஒன்பதும் தானாகப் புரியும்.

இதுவரை பார்த்ததைக் கோர்த்துக்கொள்வோம். நாணய இடருக்கு முன்பேர ஒப்பந்தம், நம்பிக்கைக்கு எல்.சி., தூரத்துக்கு எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போன்ற விதிமுறைகளும் காப்பீடும். இவை எதுவும் இடரை அழிப்பதில்லை. அதைத் தாங்கக்கூடியவரிடம் ஒரு விலைக்கு மாற்றிவிடுகின்றன, அவ்வளவுதான்.

வரியை யார் கட்டுகிறார்கள்?

இறக்குமதி வரியை, பொருள் நுழையும் நாட்டின் அரசு, அந்நாட்டு இறக்குமதியாளரிடம் வசூலிக்கிறது. அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு வரி போட்டால், சுங்கத்தில் பணம் கட்டுவது அமெரிக்க இறக்குமதி நிறுவனம். இந்திய அரசும் கட்டுவதில்லை, திருப்பூர்க்காரரும் கட்டுவதில்லை.

அப்படியென்றால் திருப்பூர் ஏன் பதறியது? பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமான வரி 16.5 சதவீதம். 4 டாலர் டி-ஷர்ட்டுக்கு அது 66 சென்ட். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருளுக்குக் கூடுதலாக 50 சதவீதம் வந்தது, அதாவது இன்னும் 2 டாலர். மொத்த வரி 2 டாலர் 66 சென்ட். அதே நேரத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் கூடுதல் வரி 20 சதவீதமாகத்தான் இருந்தது. அங்கிருந்து வரும் அதே 4 டாலர் டி-ஷர்ட்டுக்கு மொத்த வரி 1 டாலர் 46 சென்ட். வித்தியாசம் 1 டாலர் 20 சென்ட். எந்தத் தொழிற்சாலை முதலாளியும் தன் லாபத்தைக் குறைத்து அடைக்கக்கூடிய இடைவெளி இல்லை இது.

இங்கே வரியைக் கட்டுவது, வரியைச் சுமப்பது என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டுவது இறக்குமதியாளர். சுமப்பதோ பேரத்தில் யார் கை தாழ்ந்திருக்கிறதோ அவர். கடையில் விலையை ஏற்றினால் அமெரிக்க நுகர்வோர் சுமக்கிறார். விலையை ஏற்றாமல் இறக்குமதியாளரே விழுங்கினால் அவர் சுமக்கிறார். "தள்ளுபடி கொடுங்கள், இல்லையென்றால் டாக்காவுக்குப் போகிறேன்" என்றால் திருப்பூர் சுமக்கிறது. திருப்பூர் முதலாளி ஓவர்டைம் ஷிஃப்டை நிறுத்தினால், கடைசியில் சுமப்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து அங்கே விடுதியில் தங்கித் தைக்கும் தொழிலாளி. வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் காட்டத் தெரிந்தால்தான் இந்தப் பாடத்துக்கு மதிப்பு.

வரியோடு ஒட்டிவரும் இன்னொன்று பிறப்பிட விதி: ஒரு பொருள் எந்த நாட்டில் பிறந்தது என்று தீர்மானிக்கும் விதி. ஐரோப்பிய ஒன்றியம் வங்கதேசம் போன்ற மிகவும் வளர்ச்சி குறைந்த நாடுகளின் ஆடைகளுக்கு வரி இல்லாமல் இடம் கொடுத்துவருகிறது. 2011 முதல் அந்த நாடுகள் துணியை வெளியிலிருந்து வாங்கி அங்கே தைத்தாலே போதும் என்று விதி தளர்ந்தது. வங்கதேசத்தின் வளர்ச்சிக்கு அங்கே கூலி குறைவு என்பதை மட்டுமே காரணமாகச் சொல்பவர்கள் இந்த ஒரு விதியைப் பார்க்கத் தவறுகிறார்கள். இத்தகைய வரிச்சலுகை நேர் எதிர்த்திசையிலும் வேலை செய்யும்: 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தைத் திருப்பூர் அவ்வளவு ஆவலோடு வரவேற்றதற்குக் காரணம், பிரிட்டனின் துணி வரி நீங்கும் என்பதே.

ஒன்றையொன்று சார்ந்திருப்பது என்றால் என்ன?

ஆளுக்கொரு வேலையில் தேர்ந்து பண்டமாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்பதைக் கணக்காகவே காட்டியவர் பிரிட்டிஷ் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ. ஆண்டு 1817. அவர் கொடுத்த எண்கள் இன்றும் அழகானவை. குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேர், குறிப்பிட்ட அளவு வைனுக்கு 120 பேர் ஓராண்டு உழைக்க வேண்டும். போர்ச்சுகலில் அதே துணிக்கு 90 பேர், அதே வைனுக்கு 80 பேர். போர்ச்சுகல் இரண்டிலுமே கெட்டி. அப்படியிருந்தும், இங்கிலாந்து துணியை மட்டும் இரண்டு மடங்கு செய்தால் 220 பேருக்குப் பதில் 200 பேர் போதும்; போர்ச்சுகல் வைனை மட்டும் இரண்டு மடங்கு செய்தால் 170க்குப் பதில் 160 போதும். மிச்சம் 30 பேரின் உழைப்பு. எதில் ஒப்பீட்டளவில் கெட்டியோ அதைச் செய்வதால் வரும் இந்த லாபத்துக்கு ஒப்பீட்டு நன்மை என்று பெயர்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் உண்டு. வைன் தொழிலை விட்டுவிட்ட இங்கிலாந்துக்கு அடுத்த ஆண்டு போர்ச்சுகல் கப்பல் வரவில்லையென்றால் என்ன ஆகும்? அதுதான் சார்ந்திருப்பதன் விலை.

2022 வசந்தத்தில் இந்தியாவின் ஒவ்வொரு சமையலறையும் அந்த விலையைக் கொடுத்தது. சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் நாம் இறக்குமதி செய்கிறோம். சூரியகாந்தி எண்ணெய்க்கு உக்ரைனும் ரஷ்யாவும், பாமாயிலுக்கு இந்தோனேசியாவும் மலேசியாவும். பிப்ரவரியில் போர் தொடங்கியதும் கருங்கடல் கப்பல்கள் நின்றன. சூரியகாந்தி கிடைக்காதவர்கள் பாமாயில் பக்கம் திரும்ப, அதன் விலை ஏறியது. தன் மக்களுக்கே கட்டுப்படியாகவில்லை என்று இந்தோனேசியா ஏப்ரல் 28 முதல் பாமாயில் ஏற்றுமதியைத் தடுத்தது. மே 23இல்தான் விலக்கியது. ஏற்றுமதி என்ற சொல்லையே வாழ்நாளில் உச்சரிக்காத பலகாரக் கடைக்காரர், ஜகார்த்தாவின் முடிவை அன்றைய வடை விலையில் எதிர்கொண்டார்.

பருத்தியிலும் இதுவே நடந்திருக்கிறது. 2010இல் பாகிஸ்தானில் பெருவெள்ளம், இந்தியாவில் பருத்தி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு, எல்லாம் சேர்ந்து 2011 மார்ச்சில் உலகச் சந்தையில் பருத்தி ஒரு பவுண்டு 2 டாலரைத் தாண்டியது. நூல் விலை ஏறினால் நூற்பாலைக்குச் சந்தோஷம், பனியன் கம்பெனிக்குத் துக்கம். கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே தூரம் ஐம்பது கிலோமீட்டர்தான். நூல் ஏற்றுமதியைத் தடுக்க வேண்டுமா என்ற கேள்வியில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் நின்றன. "நாட்டின் நலன்" என்று ஒற்றையாகச் சொல்லப்படுவதற்குள் எத்தனை நலன்கள் மோதுகின்றன என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் தேவையில்லை.

அப்புறம் கப்பல் வழி. தூத்துக்குடியிலிருந்து பல கன்டெய்னர்கள் சிறிய கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறி, செங்கடல், சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பா போகும். 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமான எவர் கிவன் கப்பல் அந்தக் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதல்கள் தொடங்கியபின், பல கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. ஒப்பந்தம் எஃப்.ஓ.பி. என்றால் சட்டப்படி இது வாங்குபவர் இடர்தான். ஆனால் பணம் தருவதாகச் சொன்ன தேதி சரக்கு வந்து சேர்ந்ததிலிருந்து கணக்கிடப்பட்டால், அந்தப் பத்து நாள் வட்டி திருப்பூர்க் கணக்கில் ஏறும். ஒப்பந்தத்தின் ஒரு வரியை இன்னொரு வரி எப்படித் தின்றுவிடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டாலர் தீர்ந்துபோன நாடு

"நமக்கென்ன?" என்ற மூன்றாவது பேச்சுக்குப் பதில் இலங்கையில் இருக்கிறது. வெளிநாட்டுச் செலாவணி இருப்பு என்பது ஒரு நாடு இறக்குமதிக்கும் கடனுக்கும் கொடுக்கக் கைவசம் வைத்திருக்கும் வெளிநாட்டுப் பணம். 2019 முடிவில் இலங்கையிடம் 750 கோடி டாலருக்கு மேல் இருந்தது. 2022 மே மாதத் தொடக்கத்தில், உடனே எடுத்துப் பயன்படுத்தக்கூடியது 5 கோடி டாலருக்கும் குறைவு என்று அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி அறிவித்தார்.

காரணங்கள் பல: 2019இன் குண்டுவெடிப்புகளும் பிறகு கொரோனாவும் சுற்றுலாவை முடக்கின, வரிக்குறைப்பு அரசின் வருவாயைச் சரித்தது, வெளிநாட்டுக் கடன் தவணைகள் வரிசைகட்டி நின்றன, ரூபாயின் விலையைச் செயற்கையாகப் பிடித்துவைத்ததால் வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாகப் பணம் அனுப்புவதைக் குறைத்தார்கள். கடைசிக் காரணம் கவனிக்க வேண்டியது. அரசு சொல்லும் விலை ஒன்று, வெளியே கிடைக்கும் விலை வேறு என்றால், டாலர் வங்கிப் பக்கமே வராது. 2022 மார்ச்சில் பிடியை விட்டபோது, ஒரு டாலர் சுமார் 200 ரூபாயிலிருந்து மே மாதத்துக்குள் 360 ரூபாய் வரை போனது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்திவைத்தது.

இதைப் பொருளாதாரப் பக்கத்தில் படித்தால் எண்களாகத் தெரியும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் அது எரிவாயு வரிசை, பால்மா தட்டுப்பாடு, மணிக்கணக்கான மின்வெட்டு. காகிதம் இறக்குமதி செய்யப் பணமில்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகளைத் தள்ளிவைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் எவரும் எதையும் ஏற்றுமதி செய்யவில்லை. தேயிலை பறித்து நாட்டுக்கு டாலர் கொண்டுவந்த மலையகத் தாய்மாருக்கே மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. இந்தப் பாடத்தை வணிக மாணவர்களோடு நிறுத்தாமல் எல்லாக் குடிமக்களுக்கும் அடிப்படையாவது சொல்லித்தர வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

மலிவின் கணக்கில் வராதவை

விலைப்பட்டியலில் வராத செலவுகளையும் இந்தப் பாடம் எண்ண வேண்டும். ஐரோப்பியக் கடையில் நிற்கும் வண்ண டி-ஷர்ட்டின் சாயக்கழிவு திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் கலந்தது. அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் போனது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாறியது. அதற்கு ஆகும் செலவு இன்று விலையில் சேர்கிறது. முன்பு அதே செலவை ஆயக்கட்டு விவசாயி சுமந்தார்.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். மேலைநாட்டு பிராண்டுகளுக்குத் தைத்த தொழிலாளர்கள் அவர்கள். அதன்பிறகுதான் பல பிராண்டுகள் கட்டடப் பாதுகாப்புக்குச் சட்டப்படி தங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்று திருப்பூர்த் தொழிற்சாலைக்கு வரும் ஆடிட்டர் தீயணைப்பானையும் அவசர வழியையும் சம்பளப் பதிவேட்டையும் பார்ப்பதை வெறும் தொல்லை என்று நினைப்பவர்கள் இந்தத் தேதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கே தொடங்குவது?

புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு நான் சொல்வது, கோட்பாட்டுப் புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரே ஒரு உண்மையான ஷிப்மென்ட்டின் கோப்பைப் பாருங்கள் என்பதே. தெரிந்த கம்பெனியிலோ, சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டிங் ஏஜென்ட் அலுவலகத்திலோ முடிந்துபோன பழைய கோப்பு ஒன்றைக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். அதில் இன்வாய்ஸ் இருக்கும், பேக்கிங் லிஸ்ட் இருக்கும், கப்பல் நிறுவனம் தந்த சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் இருக்கும், பிறப்பிடச் சான்றிதழ் இருக்கும், எல்.சி. இருந்தால் அதுவும் இருக்கும். ஒவ்வொரு தாளையும் கையில் எடுத்து, இது இல்லாமல் போயிருந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேளுங்கள்.

பிறகு செய்தித்தாளில் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆண்டு தொடருங்கள். கொல்லிமலைப் பக்கத்தவர் என்றால் மிளகு, தூத்துக்குடி என்றால் முந்திரி, நுவரெலியா என்றால் தேயிலை. விலை மாறிய ஒவ்வொரு முறையும், மாறியது நாணயமா, வரியா, கப்பல் கட்டணமா, இன்னொரு நாட்டின் வானிலையா என்று எழுதிவையுங்கள். முந்திரியை எடுப்பவர்கள், தூத்துக்குடியில் உடைபடும் கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது என்பதையும், ஐவரி கோஸ்ட் போன்ற நாடுகள் அதைத் தங்கள் மண்ணிலேயே உடைக்க முயல்வதையும் சீக்கிரமே கண்டுபிடிப்பார்கள். அங்கிருந்து அடுத்த கேள்வியை நீங்களே கேட்கத் தொடங்கிவிடுவீர்கள்.